திருப்பியழைக்கும் உரிமை

எனக்கு மருத்துவம் கிடைப்பதாகத்தான் இருந்தது. யாழ்ப்பாணத்தில் என் மாமா ஒருவர் இடதுசாரிக் கட்சி ஒன்றின் கிளைச் செயலாளராக இருந்தார். கிளைக் கூட்டத்துக்கு ஆறு பேர் வருவார்கள். அதில் ஒருவர் தேநீர் கொண்டுவருகிறவர். ஆனாலும் சோவியத் ஒன்றியத்தில் படிக்கப் புலமைப்பரிசில் வேண்டுமென்றால் மாமாவின் கடிதத்துக்கு ஒரு மதிப்பு இருந்தது. என் விண்ணப்பம் கொழும்புக்குப் போய்ச் சேர்ந்தபோது மருத்துவ இடங்கள் முடிந்துவிட்டன. பொறியியலும் முடிந்துவிட்டது. மிஞ்சியவை இரண்டு: மீன்பிடித் தொழில்நுட்பம், சட்டம். எங்கள் வீடு சைவம். அம்மா ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. "பிள்ளை சட்டம் படிக்கட்டும்" என்றார்.

அப்படித்தான் நான் ஒரு சோசலிச அரசின் அரசியல் யாப்பைப் படிக்கப் போனேன். ஒரு வருடம் ருஷ்ய மொழி, பிறகு ஐந்து வருடம் சட்டம். எங்களுக்கு யாப்புச் சட்டம் கற்பித்த பேராசிரியர் பருமனான மனிதர். வகுப்புக்குள்ளும் மேலங்கியைக் கழற்றமாட்டார், ஏனென்றால் வகுப்புக்குள் சூடேற்றி வேலை செய்வதில்லை. வேலைக்கான உரிமை, ஓய்வுக்கான உரிமை, வீட்டுக்கான உரிமை என்று அவர் உறுப்புரைகளை மனப்பாடமாகச் சொல்லும்போது வாயிலிருந்து ஆவி வரும். பரீட்சையில் அவருடைய கணக்கு எளிமையானது. உறுப்புரையின் எண்ணைச் சொன்னால் மூன்று புள்ளி. வாசகத்தையும் சொன்னால் நான்கு. அது ஏன் உலகிலேயே சிறந்தது என்றும் சொன்னால் ஐந்து. ஐந்துக்கு மேல் புள்ளி கிடையாது. நான் எப்போதும் ஐந்து வாங்கினேன்.

ஒருமுறை மட்டும் வகுப்பில் வாயைக் கொடுத்தேன். எழுபத்திரண்டாம் உறுப்புரை படித்த நாள் அது. ஒன்றியத்திலுள்ள ஒவ்வொரு குடியரசுக்கும் சுதந்திரமாகப் பிரிந்துபோகும் உரிமை உண்டு என்று அது சொன்னது. நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவன். எங்கள் நாட்டில் பாராளுமன்றத்தில் உட்கார வேண்டுமென்றால் பிரிவினை கேட்கமாட்டேன் என்று சத்தியம் செய்ய வேண்டும். இங்கே அதையே உரிமையென்று அச்சடித்து வைத்திருக்கிறார்கள். எனக்கு மயிர் கூச்செறிந்தது. கையை உயர்த்தி, "பிரிய விரும்பும் குடியரசு எந்த அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும்?" என்று கேட்டேன்.

வகுப்பில் பேனாக்கள் நின்றன. பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தோழரே, அது உரிமை. நடைமுறை அல்ல. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்" என்றார். நான் அதையும் குறித்துக்கொண்டேன். பரீட்சையில் எழுதினேன். ஐந்து கிடைத்தது.

நடைமுறையை நாங்கள் விடுதியில் படித்தோம். விடுதிச் சமையலறையில் நாலு அடுப்பு, எரிவது ஒன்று. முறைப்பாடு செய்யும் உரிமை யாப்பில் இருந்ததால் வாசலில் ஒரு முறைப்பாட்டுப் புத்தகம் சங்கிலியில் கட்டித் தொங்கியது. எழுதுவதற்குப் பேனாவை விடுதி மேற்பார்வையாளரிடம் கேட்டு வாங்க வேண்டும். அவர் பேனாவை நீட்டியபடியே, "யாரைப் பற்றி?" என்று கேட்பார். பெரும்பாலும் அவரைப் பற்றித்தான். ஆறு வருடத்தில் அந்தப் புத்தகத்தில் நான் கண்டது ஒரே ஒரு பதிவு. மேற்பார்வையாளருக்குப் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லி யாரோ எழுதியிருந்தார்கள்.

கடைசி வருடம் குடியரசுகள் ஒவ்வொன்றாகப் பிரிந்து போகத் தொடங்கின. எந்த அலுவலகத்திலும் விண்ணப்பிக்கவில்லை. பேராசிரியர் வகுப்புக்கு வந்து பத்திரிகையை விரித்து வைத்துக்கொண்டு, "இந்தப் பாடத்தைப் பிறகு பார்ப்போம்" என்பார். இறுதி வாய்மொழிப் பரீட்சையில் என்னிடம் எழுபத்திரண்டைத்தான் கேட்டார். நான் எண்ணையும் வாசகத்தையும் சொன்னேன். சிறப்பைச் சொல்ல வாயெடுத்தபோது கையைக் காட்டி நிறுத்தினார். "பிழையில்லை. ஆனால் இறந்தகாலத்தில் சொல்லுங்கள்." அன்றும் ஐந்து. எனக்குப் பட்டம் தந்தபோது அந்த நாடு இல்லை. பழைய தாள்கள் தீராததால் பட்டத்தில் அரிவாளும் சுத்தியலும் இருந்தன.

கனடாவில் மொன்றியலுக்கு வந்து அந்தப் பட்டத்தை மதிப்பீடு செய்யக் கொடுத்தேன். பணிமனையில் இருந்த பெண் கணினியில் நாட்டைத் தேடினார். பட்டியலில் இல்லை. கடைசியில் "வேறு" என்ற இடத்தில் அழுத்தினார். அதற்குப் பிறகு நான் புவாண்ட்-கிளேரில் குளியலறைப் பொருட்கள் வைக்கும் கிடங்கு ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். எந்த லொறியில் எத்தனை கைகழுவும் தொட்டி ஏற வேண்டும் என்று பார்ப்பது என் வேலை. இருபத்து மூன்று வருடமாக அதைத்தான் பார்க்கிறேன்.

இதெல்லாம் முடிந்த கதை என்றுதான் நினைத்திருந்தேன், எங்கள் கட்டடத்தின் படிவம் வரும்வரை.

நாங்கள் குடியிருப்பது ஒரு கூட்டுறவுக் கட்டடம். மூன்று மாடி, இருபத்தாறு வீடு. வீட்டுச் சொந்தக்காரர் என்று ஒருவர் கிடையாது. குடியிருக்கிற நாங்களே கூடி நடத்துகிறோம். முதன்முதலில் இதை விளக்கியபோது என் மனைவி, "சங்கக்கடை மாதிரியோ?" என்று கேட்டாள். ஏறக்குறைய அப்படித்தான். ஆளுக்கொரு வேலை செய்ய வேண்டும். பதினொரு வருடமாக நான் பனி தள்ளும் குழுவில் இருந்தேன். ஒவ்வொரு ஜூனிலும் எல்லோருக்கும் ஒரு படிவம் வரும். உங்களுக்கு என்ன திறமை இருக்கிறது என்று ஒரு கேள்வி. நான் வழக்கமாக அதை வெறுமையாக விட்டுவிடுவேன். அந்த வருடம் என்ன நினைத்தேனோ தெரியாது, "சோவியத் அரசியல் யாப்புச் சட்டம்" என்று எழுதிக் கொடுத்தேன்.

மறுநாள் காலை எங்கள் கட்டடத்தின் தலைவி கதவைத் தட்டினார். அவர் கெபெக் பெண்மணி, எழுபதைத் தாண்டியவர், முப்பது வருடம் தொழிற்சங்கத்தில் இருந்தவர். சோசலிசத்தை உண்மையாக நம்பிய ஒரே மனிதராக நான் சந்தித்தது அவரைத்தான். நான் ஆறு வருடம் இருந்த நாட்டில் அப்படி ஒருவரைக் காணவில்லை.

"பொன்ஜூர். இது உண்மையா?" என்று படிவத்தைக் காட்டினார். உண்மை என்றேன். "பதினொரு வருடமாக உங்களைப் பனி தள்ள விட்டிருக்கிறோமே" என்றார்.

விஷயம் இதுதான். எங்கள் கட்டடத்தின் உள்விதிகள் நாற்பது வருடத்துக்கு முன் தட்டச்சில் அடித்தவை. அதில் ஒரு பக்கம் காணாமல் போயிருந்தது. காணாமல் போனது நிலவறையிலுள்ள லோண்டரி அறை பற்றிய பக்கம். புதிதாக ஒரு யாப்பு எழுதித் தர முடியுமா என்று தலைவி கேட்டார். வாழ்க்கையில் யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. ஓம் என்றேன்.

"பனி தள்ளுறதிலை என்ன குறை கண்டனீங்கள்?" என்று மனைவி கேட்டாள்.

அந்தக் கோடையின் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் நான் குசினி மேசையில் யாப்பு எழுதினேன். முகவுரை மட்டும் இரண்டு பக்கம். "நாங்கள், இக்கட்டடத்தின் இருபத்தாறு வீடுகளிலும் வாழும் மக்கள், பனியையும் எலிகளையும் தோளோடு தோள் நின்று எதிர்கொண்டவர்களாக" என்று தொடங்கியது. மொத்தம் பதினெட்டு உறுப்புரைகள். அமைதிக்கான உரிமை, முறைப்பாட்டு உரிமை, உடுப்புத் தோய்க்கும் உரிமை. கடமைகள் பற்றி ஒன்றும் எழுதவில்லை. கடமைகள் பற்றிய விரிவுரை நடந்த வாரம் எனக்குக் காய்ச்சல்.

பதினேழாம் உறுப்புரை எனக்கு மிகவும் பிடித்தது. மக்கள் தெரிவுசெய்த எவரையும் மக்களே எந்த வேளையிலும் திருப்பியழைக்கலாம் என்ற உரிமை. சோவியத் யாப்பில் அது இருந்தது. நான் அதைப் பற்றிப் பதினொரு பக்கக் கட்டுரை எழுதியிருக்கிறேன். நான் இருந்த நகரத்தில் ஒருவரைத் திருப்பியழைத்ததாக ஒருநாளும் கேள்விப்படவில்லை. கோபுரத்தில் பொம்மை வைக்கிறமாதிரி, யாப்பென்றால் அதுவும் இருக்கத்தானே வேண்டும் என்று வைத்தேன். இன்னொன்றும் செய்தேன். பேராசிரியர் தராத நடைமுறையையும் எழுதினேன். எட்டுப் பேர் கையெழுத்திட்டுச் செயலாளரிடம் கொடுத்தால் அவர் பதினைந்து நாளுக்குள் பொதுக்கூட்டம் கூட்ட வேண்டும். கூட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கினர் ஆதரித்தால் பதவி போகும்.

நான் எழுதியது தமிழில். என் பிரெஞ்சு கிடங்குப் பிரெஞ்சு. "பின்னுக்கு எடு, கவனம், உடையும்" என்ற அளவில் நிற்பது. மனைவி கார்டெரியில் சின்னப் பிள்ளைகளைப் பார்க்கிற வேலை செய்கிறாள். அவளுடைய பிரெஞ்சு நல்ல பிரெஞ்சு. மொழிபெயர்ப்பை அவளிடம் கொடுத்தேன். மூன்று நாளில் முடித்துத் தந்தாள். பதினாறு பக்கம் கொடுத்தேன். நாலு பக்கம் வந்தது.

"முகவுரை எங்கை?" என்றேன்.

"முதல் வரி."

பார்த்தேன். "உறுப்பினர்கள் பின்வரும் விதிகளை ஏற்றுக்கொள்கிறார்கள்" என்று இருந்தது.

"நான் இரண்டு பக்கம் எழுதினனான்."

"ஓம். வாசிச்சனான். வடிவாய்த்தான் இருந்தது."

மீதியை நான் வாசிக்கவில்லை. கோபம். அப்படியே தலைவியிடம் கொடுத்துவிட்டேன். அன்றைக்கு உட்கார்ந்து வாசித்திருக்கலாம்.

அக்டோபரில் பொதுக்கூட்டம். நிலவறை மண்டபத்தில் பின்மேசையில் ஒரு பெரிய தட்டு நிறையப் பொரித்த ரோல்ஸ் இருந்தது, வெள்ளித்தாளால் மூடி. அது மூன்றாம் மாடி அக்கா செய்தது. அவர் பருத்தித்துறைப் பக்கத்து மனுசி, கணவரை இழந்தவர், நாங்கள் வருவதற்கு முன்பிருந்தே கட்டடத்தில் இருப்பவர். வாக்கெடுப்பு முடியுமட்டும் அவர் வெள்ளித்தாளைத் திறக்கவில்லை. யாப்பு ஏகமனதாக நிறைவேறியது. விவாதம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு செயலாளர் தெரிவு. நான் மட்டும்தான் போட்டியிட்டேன். ஒரு வேட்பாளர், நூற்றுக்கு நூறு வாக்கு. எனக்கு அது பழகிய முறை, கண் கலங்கியது.

செயலாளராக நான் செய்த முதல் வேலை லோண்டரி அறைக்கு அட்டவணை போட்டது. இரண்டு வோஷிங் மெஷின், இரண்டு ட்ரையர், இருபத்தாறு வீடு. வீட்டு இலக்கப்படி ஆளுக்கு இரண்டு மணி நேரம் பிரித்து, அறிவித்தல் இலக்கம் ஒன்று என்று தலைப்பிட்டுக் கதவில் ஒட்டினேன். சனிக்கிழமை காலை எப்படி நடக்கிறது என்று பார்க்கக் கீழே போனேன்.

இரண்டாம் மாடிக்காரர் ஒருவர் உடுப்புக்கூடையோடு என் அறிவித்தலில் முதுகைச் சாய்த்தபடி நின்றார். அக்கா உள்ளே ட்ரையரின் வடிகட்டியிலிருந்து பஞ்சை உருட்டி எடுத்துக்கொண்டிருந்தார். சாவி அவருடைய கார்டிகன் பையில். உள்விதிகளில் அந்தப் பக்கம் காணாமல் போன காலத்திலிருந்து சாவி அங்கேதான் இருந்தது. யார் எப்போது தோய்ப்பது என்று அவர்தான் சொல்வார்.

"அக்கா, அட்டவணை பார்த்தனீங்களோ?"

"பார்த்தனான் தம்பி. நல்ல வடிவான எழுத்து."

"அதின்படி இப்ப ஐந்தாம் நம்பர் வீட்டின்ரை நேரம்."

"ஐந்தாம் நம்பர் மனுசி சனிக்கிழமை காலமை சேர்ச்சிலை பாட்டுப் பழகப் போறவ. அவ புதன்கிழமைதான் தோய்ப்பா. எட்டு வருசமாய் அப்பிடித்தான்."

"யாப்பிலை எல்லாருக்கும் சம உரிமை எண்டு கிடக்கு, அக்கா."

"கிடக்கட்டும். நான் மறிக்கேல்லை" என்று சொல்லிவிட்டு இரண்டாம் மாடிக்காரரைப் பார்த்துத் தலையசைத்தார். அவர் மெர்சி என்று சொல்லி உள்ளே போனார். என்னைப் பார்க்கவில்லை.

அடுத்த இரண்டு மாதத்தில் இன்னும் பதின்மூன்று அறிவித்தல் ஒட்டினேன். எல்லோரும் நின்று வாசித்தார்கள். வாசித்துவிட்டு அக்காவிடம் போய் எப்போது வரலாம் என்று கேட்டார்கள். இதை ஒருவர் மட்டும் என்னிடம் வந்து குறையாகச் சொன்னார். முதல் மாடிக்குப் புதிதாக வந்த சென்னைப் பையன், டவுன்டவுனில் கணினி நிறுவனம் ஒன்றில் வேலை. கைக்குழந்தை இருந்தது. யாப்பை முழுதாக வாசித்த ஒரே குடிமகனும் அவர்தான்.

"சார், ஆர்டிக்கிள் பதினொண்ணுல பொது இடத்துச் சாவி எல்லா மெம்பர்ஸுக்கும் சொந்தம்னு இருக்கு. ஆனா சாவி மூணாவது மாடி ஆன்ட்டிகிட்டதான இருக்கு?"

அந்தக் கேள்வி என்னைச் சுட்டது. தலைவியிடம் போனேன். "மக்களின் சாவி மக்களிடம் இருக்க வேண்டும்" என்றார் தலைவி. ஜனவரி தொடக்கத்தில் நாங்கள் இருவரும் மூன்றாம் மாடிக்கு ஏறினோம். அக்கா மறுத்தால் சொல்வதற்கு நான் ஒரு சிறிய உரை தயாரித்திருந்தேன்.

கதவைத் திறந்த அக்கா விஷயத்தைக் கேட்டதும் பைக்குள் கைவிட்டுச் சாவியை எடுத்து நீட்டினார். "இந்தாரும். எனக்கும் முழங்கால் நோ" என்றார். கதவு மூடியது. உரை அப்படியே என் பையில் கிடந்தது.

சாவியைக் கடிதப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் ஓர் ஆணியில் தொங்கவிட்டோம். முதல் வாரம் எல்லாம் நன்றாகவே நடந்தது. "பார்த்தீரோ?" என்று மனைவியிடம் சொன்னேன். இரண்டாம் வாரம் யாரோ கால்துடைப்பத்தையும் குழந்தை உடுப்பையும் ஒன்றாகப் போட்டார்கள். மூன்றாம் வாரம் சாவி இரண்டு நாள் காணாமல் போய், பிறகு யாரோ ஒருவரின் குளிர் அங்கியோடு சேர்ந்து தோய்ந்து கிடைத்தது. நாலாம் வாரம் ஒருவர் ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுப் போக, தரையில் சிந்திய தண்ணீர் உறைந்தது. நான் குறிப்பெடுத்துக்கொண்டேன்.

பெப்ரவரியில் ஒரு சனிக்கிழமை காலை, தீயெச்சரிக்கை மணி அடித்தது. கட்டடமே வெளியில் வந்தது. வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே இருபது. தலைவி கையில் பூனை. சென்னைப் பையன் குழந்தையைத் தன் அங்கிக்குள் வைத்துப் பூட்டியிருந்தார். ஐந்தாம் நம்பர் மனுசி, அன்றைக்குப் பார்த்துப் பாட்டுப் பயிற்சி இல்லாததால், தலையில் துவாயோடு நின்றார். தீயணைப்பு வண்டி இரண்டு வந்தது. பத்து நிமிடத்தில் ஒரு பெரிய உருவம் ட்ரையரின் வடிகட்டியோடு வெளியே வந்தது. அதில் ஒரு தலையணை அளவுக்குப் பஞ்சு, கருகிப்போய்.

"இதைத் துப்புரவு செய்ய வேண்டியவர் யார்?" என்று தீயணைப்பு வீரர் கேட்டார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் மனதுக்குள் பதினெட்டு உறுப்புரைகளையும் ஓட்டிப் பார்த்தேன். ஒன்றிலும் பஞ்சு இல்லை. அக்கா மட்டும் என்னைப் பார்க்காமல், சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வீதியைப் பார்த்தார். அதுதான் எனக்கு அதிகம் உறைத்தது.

லோண்டரி அறையைப் பூட்டச் சொல்லிவிட்டார்கள். புதிய ட்ரையரும் புகைக்குழாய் வேலையும் முடிய மூன்று வாரம் ஆகும். இருபத்தாறு வீட்டுக்காரரும் பனிக்குள் உடுப்பு மூட்டைகளை இழுத்துக்கொண்டு மெட்ரோவுக்குப் பக்கத்திலுள்ள சலவைக் கடைக்குப் போனார்கள். படியில் என்னைக் கண்டால் மூட்டையை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொள்வார்கள்.

ஒரு வாரம் கழித்துச் சென்னைப் பையன் கதவைத் தட்டினார். ஒரு கையில் சின்னப் பெட்டி, மறு கையில் ஒரு தாள்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. ஆர்டிக்கிள் பதினேழு ஒர்க் ஆகுமா?"

"ஏன் வேலை செய்யாது?" என்றேன். என் உறுப்புரை ஒன்று வேலை செய்யுமா என்று கேட்டதே எனக்குப் பிடிக்கவில்லை.

"இல்ல சார், எட்டு பேர் கையெழுத்து போட்டா மீட்டிங் கூட்டணும்னு இருக்கு. அதை யார்கிட்ட குடுக்கணும்?"

"செயலாளரிட்டை."

"அதான் சார்" என்று தாளை நீட்டினார். பன்னிரண்டு கையெழுத்து. "பாப்பா டிரஸ் எல்லாம் பாத்டப்ல துவைக்கிறோம் சார். வைஃப்புக்கு முடியல. இது அவ பண்ண கேசரி, உங்களுக்கும் வீட்ல ஆன்ட்டிக்கும்."

கேசரி நன்றாக இருந்தது. அதைச் சாப்பிட்டபடியே என்னை நீக்குவதற்கான பொதுக்கூட்ட அறிவித்தலை நானே தட்டச்சு செய்தேன். அறிவித்தல் இலக்கம் பதினைந்து. மனைவி எட்டிப் பார்த்து இரண்டு எழுத்துப் பிழை திருத்தினாள்.

கூட்டத்துக்கு முப்பத்தொரு பேர் வந்தார்கள். ஒரு யாப்புக் கூட்டத்துக்கு அத்தனை பேர் வந்ததில்லை. இம்முறை ரோல்ஸ் இல்லை. அக்கா கடைசி வரிசையில் கைகளைக் கட்டிக்கொண்டு இருந்தார். நான் என் பக்க நியாயத்தை ஐந்து நிமிடம் பேசினேன். பஞ்சு விடுபட்டது உண்மை, ஆனால் யாப்பு ஒரு வளரும் பயிர் என்ற அளவில் பேசினேன். மனைவி பிரெஞ்சில் சொன்னாள். அவளுக்கு அதற்கு முக்கால் நிமிடம் போதுமாக இருந்தது.

தலைவி கையை உயர்த்தச் சொன்னார். நீக்குவதற்கு ஆதரவு பதினெட்டு. எதிர்ப்புப் பன்னிரண்டு. நான் மரியாதைக்காக நடுநிலை வகித்தேன்.

மனதுக்குள் கணக்குப் போட்டேன். முப்பத்தொன்றில் மூன்றில் இரண்டு என்றால் இருபத்தொன்று வேண்டும். எழுந்து நின்று, என் கிடங்குப் பிரெஞ்சில், நான் பதவியில் தொடர்கிறேன் என்று சொன்னேன்.

சென்னைப் பையன் கைபேசியைப் பார்த்தபடி மெதுவாகக் கையை உயர்த்தினார். "சார், இங்க மெஜாரிட்டினுதான் இருக்கு. டூ தேர்ட்ஸ் எங்கயும் இல்ல."

தலைவி பிரெஞ்சுப் பிரதியை எடுத்து வாசித்தார். சமுகமளித்தோரில் பெரும்பான்மை. அவ்வளவுதான். கெபெக்கில் எந்தப் பிரதி செல்லும் என்று யாரும் கேட்கத் தேவையில்லை. நான் மனைவி பக்கம் திரும்பினேன்.

"மூண்டிலை இரண்டு எண்டால் ஒவ்வொருக்காலும் வந்த ஆக்களை எண்ணி ஆரப்பா பிரிச்சுப் பார்க்கிறது? அதுதான் பாதிக்கு மேலை எண்டு போட்டனான்" என்றாள். அப்போதுதான் இன்னொன்றையும் கண்டேன். எண்ணுவதற்காக உயர்த்திய கையை அவள் இன்னும் இறக்கவில்லை. பதினெட்டில் ஒன்று அவளுடையது.

கூட்டம் கலைந்தபோது தலைவி என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். தொழிற்சங்கத்தில் இருந்த காலம் முழுக்க ஒருவரை இவ்வளவு ஒழுங்காகப் பதவியிறக்கி அவர் கண்டதில்லையாம். அங்கேயும் இப்படித்தான் நடக்குமா என்று ஆவலோடு கேட்டார். இல்லை, அங்கே இதற்கு ஐந்து புள்ளி கொடுப்பார்கள் என்றேன். அவருக்கு விளங்கவில்லை.

படி ஏறும்போது மனைவியிடம் கேட்டேன். "நீரும் கையைத் தூக்கினீர்."

"ஓம்."

"ஏன்?"

"நாலு மாசமாய் நீங்கள் வீட்டிலை இருந்தும் இல்லை. சாப்பாட்டு மேசையிலை முழுக்க அறிவித்தல். கறி வைக்க இடமில்லை." இரண்டு படி ஏறிவிட்டு நின்றாள். "நீங்கள் எழுதினது நல்ல யாப்பப்பா. நீங்கள்தான் சரிவரேல்லை."

நான் கோபப்படத்தான் பார்த்தேன். ஆனால் திங்கட்கிழமை கிடங்கில், கைகழுவும் தொட்டிகள் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. பதினொரு பக்கம் எழுதி நான் புகழ்ந்த உரிமை அது. ஒரு பெரிய வல்லரசில் ஆறு வருடம் இருந்தும் அது நடந்து நான் காணவில்லை. இருபத்தாறு வீட்டுக் கட்டடத்தில், நான் எழுதிய உறுப்புரைப்படி, என் மீதே நடந்துவிட்டது. விண்ணப்பிக்க அலுவலகம் இருந்தது, கூட்டம் நடந்தது, வாக்கு எண்ணினார்கள், ஆள் போனார். லொறிக்காரர் என்ன என்று கேட்டார். ஒன்றுமில்லை, கவனம், உடையும் என்றேன்.

சென்னைப் பையன் செயலாளரானார். வந்ததும் கைபேசியில் முறை பதிவதற்கு ஏதோ செய்தார், அது இரண்டு நாள் வேலை செய்தது. புதிய ட்ரையர் வந்தபோது தலைவியும் அவரும் நானும் திரும்ப மூன்றாம் மாடிக்கு ஏறினோம். பேசும் பொறுப்பை என்னிடம் விட்டார்கள்.

"அக்கா, சாவியைத் திரும்ப வைச்சிருப்பியளோ?"

அக்கா எங்கள் மூவரையும் வாசலிலேயே நிறுத்தி யோசித்தார். "வைச்சிருக்கிறன். கால்துடைப்பம் மெஷினிலை போடக்கூடாது. சப்பாத்து போடக்கூடாது. கதவிலை கடுதாசி ஒட்டக்கூடாது."

மூன்றாவதைச் சொல்லும்போதும் அவர் என்னைப் பார்க்கவில்லை. நல்ல மனுசி.

புதிய செயலாளர் ஒழுங்கானவர். அக்காவின் பொறுப்பை யாப்பில் ஒரு உறுப்புரையாகச் சேர்க்கலாமா என்று அடுத்த கூட்டத்தில் கேட்டார். எனக்குச் சோவியத் யாப்பின் ஆறாம் உறுப்புரை நினைவுக்கு வந்தது. கட்சிதான் எல்லாவற்றையும் வழிநடத்தும் என்று அதில் எழுதியிருந்தது. அந்த ஒன்று இருந்ததால் மற்ற நூற்றெழுபதுக்கு மேற்பட்ட உறுப்புரைகளும் வேலையில்லாமல் ஓய்வாக இருந்தன. எழுத வேண்டாம் என்று நான் சொன்னேன். அக்காவும் வேண்டாம் என்றார். "எழுதினால் பேந்து என்னையும் கையைத் தூக்கி இறக்குவியள்" என்றார்.

நான் பனி தள்ளும் குழுவுக்குத் திரும்பிவிட்டேன். எங்களுக்கு உடுப்புத் தோய்க்கக் கிடைத்திருப்பது செவ்வாய் பின்னேரம், நல்ல நேரம். அக்கா தந்தது.

போன மாதம் அடுத்த வீதியிலுள்ள கூட்டுறவுக் கட்டடத்திலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. எங்கள் யாப்பின் பெயர் அங்கே போயிருக்கிறது; தங்களுக்கும் ஒன்று எழுதித் தர முடியுமா என்று கேட்கிறார்கள். மனைவிதான் எடுத்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து உள்ளி உரித்துக்கொண்டிருந்தேன். என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு, நல்ல பிரெஞ்சில், மிகவும் மரியாதையாக, அவர் வேலைக்குப் போய்விட்டார், எப்போது வருவார் என்று தெரியாது என்றாள்.

நான் உள்ளியை உரித்து முடித்தேன்.